ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாள்: காப்பீட்டு ஆணையத்திற்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டம் கோத்தகிரிக்கு அருகில் இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான தேயிலைத் தோட்டமும், 1,197 சி.சி. எஞ்சின் கொண்ட ஏழு வயதுக் கார் ஒன்றும், ஒரு ஸ்கூட்டரும் வைத்திருப்பவன் நான். கார் பாலிசி முடிய இன்னும் மூன்று வாரங்கள் இருக்கும் நிலையில், புதுப்பிக்கச் சொல்லி என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் இருந்தவை மூன்றே செய்திகள்: என் வண்டி எண், 9,701 ரூபாய் என்ற தொகை, பணம் கட்டுவதற்கான இணைப்பு. பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொகைக்கு 485 கிலோ இலை பறித்தாக வேண்டும். அத்தனை இலைக்குத் தொழிற்சாலை தரும் சீட்டில்கூட எடை, ஈரத்துக்கான கழிவு, விலை என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். இந்தக் குறுஞ்செய்தியில் அந்த அளவு விவரம்கூட இல்லை.

பாலிசிதாரர்கள் பல நிறுவனங்களின் காப்பீட்டை ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் செய்து பார்க்க முயன்ற ஒருவனின் அனுபவத்தைத் தங்கள் பார்வைக்கு வைப்பதற்கே இந்த மடல். தனிக் கடிதமாக எழுதாமல் திறந்த மடலாக எழுதக் காரணம், இதிலுள்ள கணக்கை எங்கள் ஊர்க்காரர்களும் வாசித்துத் தங்கள் பாலிசியோடு பொருத்திப் பார்க்கட்டும் என்பதுதான்.

முதலில் அந்த 9,701 ரூபாய் எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. இதில் 3,416 ரூபாய் தேர்டு பார்ட்டி பிரீமியம், அதாவது என் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டுக் கட்டணம். மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவின்படி இது இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக்கூடாது. 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான தனியார் காருக்கு இதுதான் கட்டணம் என்று 2022 ஜூன் 1 முதல் மத்திய அரசே நிர்ணயித்திருக்கிறது. ஆகவே இதில் எந்த நிறுவனமும் ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு 325 ரூபாய். மீதமுள்ள 4,480 ரூபாய்தான் என் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பிரீமியம். இம்மூன்றின் கூட்டுத்தொகையான 8,221 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9,701 வருகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் விலை பெரிதும் மாறக்கூடியது அந்த 4,480 ரூபாயில்தான். 2007-ஆம் ஆண்டு கட்டண நிர்ணயம் விலக்கப்பட்ட பிறகு, சொந்தச் சேதத்துக்கு என்ன விலை என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்து வருகிறது. ஆக, ஒப்பிடுவதற்கு உண்மையில் இருப்பது மொத்தத் தொகையில் ஏறக்குறையப் பாதியளவுள்ள ஒரு பகுதியே. இந்த எளிய உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எனக்கு வந்த எந்தச் செய்தியிலும் இல்லை.

அடுத்து, கோவையில் படிக்கும் என் அண்ணன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் விலையைக் கேட்டுப் பார்த்தோம். வண்டி எண்ணைப் போட்ட சில நொடிகளில் 7,217 ரூபாய் என்று வந்தது. "சித்தப்பா, 2,484 ரூபாய் மிச்சம், உடனே கட்டிடலாம்" என்றாள் அவள். தோட்டக்கணக்கு எழுதும் நோட்டில் நடுவில் ஒரு கோடு கிழித்து, இரண்டு பாலிசிகளையும் எதிரெதிராக எழுதிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கியது.

என் பழைய நிறுவனம் காரின் காப்பீட்டு மதிப்பை, அதாவது ஐ.டி.வி. என்று சொல்லப்படுவதை, 2,80,000 ரூபாயாக வைத்திருந்தது. புதிய நிறுவனம் எங்களைக் கேட்காமலே அதை 2,10,000 ஆக வைத்திருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட வண்டிக்கு ஆண்டுவாரியான தேய்மான அட்டவணை இருக்கிறது. ஐந்தைத் தாண்டிவிட்டால் நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு என்று விதி சொல்கிறது. எங்களிடம் யாரும் பேசவில்லை. திரையில் ஒரு எண் ஏற்கெனவே இருந்தது, அவ்வளவுதான். அது போக, 2,500 ரூபாய் வரையிலான சேதத்தை நானே ஏற்றுக்கொள்வதாக ஒரு விருப்பக் கழிவு தேர்வு செய்யப்பட்டிருந்தது. தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கவில்லை. இவை மூன்றையும் என் பழைய பாலிசியில் உள்ளபடியே மாற்றியதும் 7,217 என்பது 9,311 ஆக ஏறியது. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே இருந்த உண்மையான வித்தியாசம் 390 ரூபாய். அந்த 390 ரூபாயும்கூட, பழைய நிறுவனம் சேர்த்துத் தரும் சாலையோர உதவி புதிய பாலிசியில் இல்லை என்பதைக் கழித்துப் பார்த்தால் லாபமா நட்டமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த ஐ.டி.வி. ஒரு எண்ணாகத் தோன்றலாம். மலையில் அது அப்படியல்ல. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழுச் சேதம் என்று கணக்கில் கொள்ளப்பட்டு, அந்த ஐ.டி.வி.யே இழப்பீட்டின் அடிப்படையாகிறது. மேட்டுப்பாளையத்தின் தார்ச்சாலையில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் கதவும் பம்பரும் போகும். எங்கள் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரைத் தாண்டினால், கீழே இருக்கும் தேயிலைச் சரிவில் வண்டி எத்தனை முறை புரளும் என்பதைப் பொறுத்து, மிஞ்சுவது இரும்பு விலைக்குப் போகும். அப்படி ஒரு நாளில், ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்காக 70,000 ரூபாயை இழந்திருப்பேன். ஐ.டி.வி.யைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைப்பதை நான் தவறென்று சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தால் அது ஒரு முடிவு; தெரியாமல் நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

இப்போது காட்டுமாட்டுக் கதைக்கு வருகிறேன். என் பிரீமியத்தைப் பாதித்தது நிறுவனங்களுக்கிடையேயான விலைப் போட்டியைவிட அந்தக் காட்டுமாடுதான். வண்டிக்கு ஆறாவது ஆண்டு நடந்த பிப்ரவரியில், இருட்டும் நேரத்தில் தோட்டத்திலிருந்து சாலைக்கு ஏறிய ஒரு காட்டுமாடு முன்பக்கத்தை இடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எதிர்ப்பக்கம் இறங்கிப் போய்விட்டது. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதியில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒர்க்‌ஷாப்பில் பம்பருக்கு 4,800, ஹெட்லைட்டுக்கு 3,600, டிங்கரிங் கூலி 2,500, பெயிண்டுக்கு 1,600 என மொத்தம் 12,500 ரூபாய் பில் வந்தது. "ஃபுல் இன்சூரன்ஸ்தானே இருக்கிறது" என்ற தைரியத்தில் கிளெய்ம் போட்டேன். பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக் என்பதால் பாதித் தேய்மானம், பெயிண்டுக்கும் பாதி, கூலி மட்டும் முழுதாக என்று கணக்கிட்டால் 7,500 வந்தது. அதில் 1,500 சி.சி. வரையிலான காருக்கான கட்டாயக் கழிவு 1,000 போக, என் கணக்கில் ஏறியது 6,500 ரூபாய். விதிப்படி இது சரியான தொகை. பாலிசியை வாசித்த பிறகு நிறுவனத்தின் மேல் எனக்கு இதில் குறையில்லை. தேய்மானம் பிடிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி என்று ஒன்று உண்டு. ஆனால் ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்குப் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் ஒரு கிளெய்மும் இல்லாமல் ஓட்டியதால் எனக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருந்தது. முதல் ஆண்டுக்கு 20, பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 என்று படிப்படியாக ஏறும் இந்தத் தள்ளுபடி, ஒரே ஒரு கிளெய்மில் பூஜ்யமாகிவிடும். தள்ளுபடிக்கு முன் என் சொந்தச் சேதப் பிரீமியம் 5,600 ரூபாய். கிளெய்ம் போடாமல் இருந்திருந்தால் அடுத்தடுத்த ஆண்டுகளில் 2,800 ரூபாய்தான் கட்டியிருப்பேன். கிளெய்ம் போட்டதால் முதல் ஆண்டு 5,600, இந்த ஆண்டு 4,480, இனி வரும் ஆண்டுகளில் 4,200, 3,640, 3,080 என்று கட்டி, ஆறாம் ஆண்டில்தான் மீண்டும் 2,800-க்கு வந்து சேர்வேன். கூடுதலாகக் கட்டுவது 7,000 ரூபாய்; வரியோடு 8,260. அதாவது 6,500 ரூபாய் வாங்குவதற்கு 8,260 ரூபாய் கொடுத்திருக்கிறேன். வண்டியின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் இறங்கும் என்பதால் இந்தத் தொகை கொஞ்சம் குறையலாம். அப்போதும் வாங்கியதும் கொடுத்ததும் ஏறத்தாழச் சரிக்குச் சரியாகவே நிற்கும், அலைச்சல் தனி. கிளெய்மைப் பதிவு செய்த நாளன்று, "உங்களுக்கு 50 சதவீத போனஸ் இருக்கிறது, இந்தக் கிளெய்மால் அது போய்விடும், தொடரட்டுமா?" என்று எதிர்முனையில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் கைக்காசைக் கொடுத்து முடித்திருப்பேன்.

மலையில் வாழ்பவர்கள் பாலிசியில் எதைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும் என்பதும் சமவெளியிலிருந்து மாறுபடும். விரிவான காப்பீட்டின் வழக்கமான வாசகத்தில் தீ, திருட்டு, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு நிலச்சரிவு, பாறைச்சரிவு, உறைபனி ஆகியவையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உறைபனி என்ற சொல்லை அதில் பார்த்தபோது, டிசம்பர் மாதத்து விடியற்காலையில் ஊட்டியில் கார்க் கண்ணாடியைச் சுரண்டும் யாரோ ஒருவர்தான் அதை எழுதியிருக்க வேண்டும் என்று என் மனைவி சிரித்தாள். ஆனால் நிலச்சரிவு சிரிக்கும் விஷயமல்ல. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் பார்த்திருக்கிறோம். எங்கள் ஊரில் வீட்டுக்கு மேலே வெட்டப்பட்ட மண் சுவரும், அதற்குக் கீழே ஒண்டியபடி நிறுத்திய காருமாகத்தான் பெரும்பாலான வீடுகள் இருக்கின்றன. வண்டி பழசாகிவிட்டது என்று சொல்லிச் சிலர் தேர்டு பார்ட்டி மட்டும் போதும் என்று மாறிக்கொண்டு வருகிறார்கள். அதில் இந்த மண் சுவர் இடிவதற்குக் காப்பீடு இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய்கூடப் பெறாத பதினாலு வயது வண்டிக்கு அது நியாயமான சிக்கனமாக இருக்கலாம். மூன்று லட்சம் பெறும் வண்டியை மண் சுவரின் அடியில் நிறுத்துபவருக்கு அது சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இழுத்துச் செல்லும் செலவும் அப்படித்தான். தனியார் காரின் வழக்கமான பாலிசியில் விபத்துக்குப் பின் வண்டியை அகற்றி ஒர்க்‌ஷாப்பில் சேர்ப்பதற்கு அதிகபட்சம் 1,500 ரூபாய் என்று போட்டிருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், முழுவதும் இறக்கம், வளைவுக்கு வளைவு. ரொக்கம் கொடுக்காமல் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் என்று என் நிறுவனம் காட்டுவது கோவையில் இருக்கிறது. 1,500 ரூபாய்க்கு மலையேறி வந்து காரைத் தூக்கிக்கொண்டு கோவை வரை இறங்கும் ரெக்கவரி வண்டியை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆகவே எங்களுக்குச் சாலையோர உதவி என்பது ஆடம்பரமல்ல. எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுப்பார்கள், மலைச்சாலைக்கு வருவார்களா, இரவில் வருவார்களா என்பதை விலைக்கு முன்னால் கேட்டாக வேண்டும். நான் கேட்டபோது இரண்டு நிறுவனங்களின் தொலைபேசி உதவியாளர்களும் "எல்லா இடத்துக்கும் வருவோம் சார்" என்றார்கள். எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்டேன், இன்னும் வரவில்லை.

நிறுவனம் மாறாமலே குறைக்கக்கூடிய தொகைகளும் இருக்கின்றன, அவற்றையும் யாரும் சொல்வதில்லை. ஸ்கூட்டர் பாலிசியில் என் பெயரில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. ஒருவருக்கு இது ஒரு முறை இருந்தால் போதும், மற்ற வண்டிக்கு ஓர் உறுதிமொழி கொடுத்தால் விலக்கிக்கொள்ளலாம் என்பது எனக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. வரியோடு 383 ரூபாய். இவ்வளவு நேரம் உட்கார்ந்து நிறுவனங்களை ஒப்பிட்டு நான் கண்டுபிடித்த 390 ரூபாய்க்கு இது கிட்டத்தட்டச் சமம். எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கியபோது, போனஸ் வண்டிக்குரியதல்ல, உரிமையாளருக்குரியது என்பதை ஷோரூமில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. பழைய நிறுவனத்திடமிருந்து சான்று வாங்கிக் கொடுத்திருந்தால், புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறைந்திருக்கும். அதைவிட்டு, ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே எடுக்க வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

என் ஏஜென்ட் எனக்குத் தம்பி முறை. கெட்டவரல்ல, காலாவதி ஆகும் முன் வீட்டுக்கே வந்து நினைவூட்டுவார். அதுவும் பெரிய உதவிதான், ஏனென்றால் பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் முழுதும் போய்விடும். ஆனால் அவரிடம் இருப்பது ஒரு நிறுவனத்தின் பாலிசி மட்டுமே. அதையும் அவர் ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறார். ஒப்பிடும் வேலையை அவரிடம் எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமல்ல.

2024-ஆம் ஆண்டு தங்கள் ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையில், ஒவ்வொரு பாலிசியோடும் வாடிக்கையாளர் தகவல் தாள் தர வேண்டும் என்று கூறப்பட்டிருப்பதை அறிவேன், வரவேற்கிறேன். ஆனால் அது வாங்கிய பாலிசியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் தாள். வாங்கும் முன், போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும், இந்த நிறுவனத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. குறைகளைச் சொல்லச் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அங்கு மனு கொடுக்கக் கட்டணமும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் சட்டப்படி சரியாகக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்ட 6,500 ரூபாயின் மேல் நான் எந்தக் குறையை அவரிடம் கொண்டுபோவது?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். மோட்டார் காப்பீட்டின் புதுப்பிப்பு அறிவிப்பு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வடிவத்தில், ஒரே வரிசையில், ஒரு பக்கத்துக்குள், பாலிசிதாரர் கேட்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று ஆணையம் கட்டளையிட வேண்டும். அதில் அரசு நிர்ணயித்த தேர்டு பார்ட்டிக் கட்டணம் தனியாகவும், சொந்தச் சேதப் பிரீமியம் போனஸுக்கு முன்பும் பின்பும் தனியாகவும், ஐ.டி.வி. போன ஆண்டுத் தொகைக்குப் பக்கத்திலும் அச்சிடப்பட வேண்டும். கட்டாயக் கழிவு, விருப்பக் கழிவு, இழுவைக்கான உச்சவரம்பு ரூபாயிலும் கிலோமீட்டரிலும், தனிநபர் விபத்துக் காப்பீட்டை எப்போது விலக்கலாம் என்ற ஒரு வரி, இந்த ஆண்டு கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற ஒரு தொகை, இவையும் அதிலேயே இருக்க வேண்டும். ஐ.டி.வி.யையும் விருப்பக் கழிவையும் திரை தானாகவே தேர்வு செய்யாமல், வாங்குபவர் கையால் குறிக்கும்படி வைக்க வேண்டும். ஓன் போர்டு காரை, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கென்று பதிவு செய்த காரை, சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓட்டினால் கிளெய்ம் மறுக்கப்படலாம் என்பதையும் அதே பக்கத்தில் தமிழில் போட்டால், மே மாதத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் தப்பிப்பார்கள்.

நோட்டில் நான் கோடு கிழித்து எழுதிய பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு வரிசைகள். எட்டுக்கு இரண்டு நிறுவனங்களின் விவரமும் கிடைத்துவிட்டது. மற்ற நான்கு வரிசைகளை, இழுவையின் கிலோமீட்டர் வரம்பு உட்பட, இரண்டு நிறுவனங்களிடமும் கேட்டுவிட்டுக் காலியாகவே விட்டிருக்கிறேன். என் பாலிசி முடிய இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அதற்குள் பதில் வந்தால் நிரப்பி, வராவிட்டால் 383 ரூபாயை மட்டும் கழித்துக்கொண்டு, பழைய நிறுவனத்திலேயே புதுப்பிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.